தலைமை தாங்க வந்தவர்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், வானம் பார்த்த கரிசல் பூமியின் நடுவே பாலவனத்தம் இருக்கிறது. பருவத்தில் மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் விளையும். பெய்யாத ஆண்டில் கண்மாயும் காய்ந்து, கலியாணமும் அடுத்த தைக்குத் தள்ளிப் போகும். இத்தகைய வறண்ட சீமைக்கும் தமிழுலகில் ஒரு கீர்த்தி உண்டு. இவ்வூர் ஜமீன்தாராக விளங்கிய பாண்டித்துரைத் தேவர், 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி மதுரையில் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்து, புலவர்களை ஒரு சபையில் கூட்டி, ஏடுகளைத் தேடித் தொகுத்து, ‘செந்தமிழ்’ என்னும் பத்திரிகை வெளிவரவும் காரணராக இருந்தார் என்பதைத் தமிழ் படித்தவர்கள் பெரும்பாலும் அறிவார்கள். அவர் காலமாகிப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் இதே சீமையில் நிகழ்ந்த இன்னொரு காரியத்தை அவ்வளவு பேர் அறிவதில்லை. அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில், 1928-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி, ஈ. வெ. ராமசாமிப் பெரியாரின் தலைமையில் ஒரு விவாகம் நடைபெற்றது. புரோகிதரும் வடமொழி மந்திரமும் இல்லாமல் நடந்த அதுவே முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சுயமரியாதை இயக்கத்தாரின் வரலாறு குறிக்கிறது.

அன்று அந்தப் பந்தலில் நடுநாயகமாக அமர்ந்திருந்தவர் செய்த வேலை யாது என்பதே இக்கட்டுரையின் விஷயம். அவர் மந்திரம் ஓதவில்லை, அக்கினி வளர்க்கவில்லை, தாரை வார்த்துக் கொடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. அழைப்பிதழ்களில் இன்றும் ‘தலைமை’ என்ற தலைப்பின் கீழ், மணமக்களின் பெயரைவிடச் சற்றே பெரிய எழுத்தில் அச்சாகும் அந்தப் பெயருக்குரியவர், உண்மையில் எதைச் செய்து ஓர் ஆணையும் பெண்ணையும் கணவன் மனைவி ஆக்குகிறார்? எதையும் செய்து ஆக்குவதில்லை என்பதுதான் சரியான விடை. ஆக்கிக்கொள்பவர்கள் மணமக்களே; தலைவர், அவர்கள் ஆக்கிக்கொண்டதைச் சபை கேட்கும்படியும், கேட்டதை மறவாதபடியும் செய்கிறவர். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையைப் பலரும் செம்மையாகச் செய்வதில்லை.

தமிழ் நாட்டில் மணத்தை நடத்துபவர் யார் என்னும் கேள்விக்கு எக்காலத்திலும் ஒரே விடை இருந்ததில்லை. களவில் கூடியவர்கள் பின்னர் ‘உன்னை நான் அறியேன்’ என்று பொய் சொல்லவும் தவறவும் தலைப்பட்டபோது, பெரியோர் சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியம் காரணம் கூறுகிறது. சடங்கின் முதல் நோக்கம் புண்ணியத்தைக் காட்டிலும் சாட்சியமே என்று அந்தப் பழைய இலக்கண ஆசிரியர் கருதினார் போலும். அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் காட்டும் திருமணத்தில், பந்தல் இருக்கிறது, புது மணல் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, உளுந்து கலந்த சோறு இருக்கிறது, நல்ல நாளும் பார்க்கப்பட்டிருக்கிறது. புரோகிதர் மட்டும் இல்லை. பிள்ளை பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடி நின்று, மணமகளின் தலையில் நீரோடு பூவையும் நெல்லையும் சொரிந்து வாழ்த்துகிறார்கள். அதோடு மணம் முடிகிறது. சிலப்பதிகாரத்துக்கு வரும்போதோ, முதிய பார்ப்பனர் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீயை வலம் வருகிறார்கள். இரண்டும் தமிழர் மணமே. ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஆதிகாலத்துச் சம்பிரதாயம் இதுதான் என்று சாதிப்பவர்கள், மற்றொன்றைப் படிக்காதவர்கள் என்றே கொள்ளவேண்டும்.

வழக்கிலும் அப்படித்தான். கொங்கு வேளாளரிடையே சீர்களை நடத்துபவர் அருமைக்காரர் என்னும் மூத்தவர். மங்கல வாழ்த்தைப் பாடுபவர் குடிமகனாகிய நாவிதர். அருமைக்காரர் ஆவதற்கு வயது மட்டும் போதாது. மனைவி மக்களோடு வாழ்ந்து, அதற்கென்று அமைந்த சீரைச் செய்துகொண்டவராகவும் இருக்கவேண்டும். தென் சீமையின் பல சமூகங்களில் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் மேடையில் ஒன்றும் நகராது. தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்றவற்றைப் போடும் உரிமை நாத்தனாருக்கு உண்டு. ஆக, மணத்தை நடத்தும் அதிகாரம் மாமனிடம் ஒரு பங்கும், நாத்தனாரிடம் ஒரு பங்கும், ஊர்ப் பெரியவரிடம் ஒரு பங்கும், புரோகிதர் வரும் வீடுகளில் அவரிடம் ஒரு பங்குமாகப் பிரிந்து கிடந்தது. இத்தனை பேருக்கும் பங்கு கிடைத்த இடத்தில், மணப்பெண்ணுக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருப்பதைத் தவிர வேறு பங்கு இல்லை.

சுக்கிலநத்தத்துக்குப் பின் பரவிய முறையில் மந்திரம் போனதையே எதிர்த்தவர்களும் பெரிதாகப் பேசினார்கள்; ஆதரித்தவர்களும் பெரிதாகப் பேசினார்கள். என் அபிப்பிராயத்தில் அதைவிடப் பெரிய மாற்றம், ஒரு சபை நடுவே மணமகள் வாய் திறந்து, தனக்கும் பிறருக்கும் விளங்குகிற மொழியில், ‘இவரை என் வாழ்க்கைத் துணைவராக ஏற்றுக்கொள்கிறேன்’ என்னும் கருத்துப்படச் சொல்லத் தொடங்கியதுதான். அதுவரை மாமனும் தந்தையும் புரோகிதரும் அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் தானே சொல்லத் தொடங்கியதும், அவளைச் சொல்ல வைப்பதற்கும், சொன்னதைச் சபைக்கு அறிவிப்பதற்கும் ஒருவர் தேவைப்பட்டார். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததே திருமணத் தலைவர் என்னும் பதவி.

அப்பதவியின் சாயல் பொதுக்கூட்டத்திலிருந்து வந்தது. கூட்டத்தில் ஒருவர் தலைவர் பெயரை முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சொற்பொழிவுகள், நன்றியுரை. இந்தக் கிரமம் அப்படியே மணப்பந்தலுக்குள் புகுந்து, தலைமையுரைக்கும் வாழ்த்துரைகளுக்கும் இடையே உறுதிமொழியும் மாலை மாற்றுதலும் அமைந்தன. இதனால் ஏற்பட்ட லாபம் ஒன்று உண்டு. அக்காலத்துப் பெண்கள் பொதுக்கூட்டத்துக்குப் போவது அரிது. கலியாணத்துக்கோ கட்டாயம் வருவார்கள். மைதானத்தில் ஆண்களுக்கு மட்டுமே எட்டிய வார்த்தைகள், பந்தலில் பாட்டிமார்களுக்கும் மருமக்களுக்கும் எட்டின. பெண்கள் கேட்பவர்களாக மட்டும் நின்றுவிடவும் இல்லை. 1930-ஆம் ஆண்டு மே மாதம் ஈரோட்டில் நடந்த சாமி சிதம்பரனார், சிவகாமி விதவா விவாகத்தை முன்னின்று நடத்தியவர் பெரியாரின் துணைவியார் நாகம்மையார். 1931-இல் இயக்கத்தின் மாகாண மாநாடு விருதுநகரில் கூடியபோது, இம்முறை இப்பகுதியினருக்குப் புதுமை என்ற நிலையைக் கடந்திருந்தது.

நஷ்டம் ஒன்றும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். மேடை கிடைத்தால் மனிதன் பேசுவான். முகூர்த்தம் பார்க்காத கலியாணத்துக்கு முடியும் நேரமும் கிடையாது என்று நினைத்துக்கொண்டு, உலக சரித்திரத்தை ஆதியிலிருந்து தொடங்கிப் பந்தி நேரம் கடந்தும் பேசிக்கொண்டிருந்த தலைவர்களை இச்சீமை கண்டிருக்கிறது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும் வியர்த்து நிற்க, சமையல்காரர் மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக, வாழ்த்துரை வழங்க வேண்டிய பதினோராமவர் கைக்குறிப்பைப் பிரித்துப் படிக்கும் காட்சி எவருக்கும் புதிதன்று. தலைமையேற்பவர் முதலில் கற்கவேண்டிய வித்தை சுருக்கமாகப் பேசுவது; இரண்டாவது, பிறரையும் சுருக்கமாகப் பேச வைப்பது.

இம்முறைத் திருமணங்களின் செய்திகள் இயக்கத்தின் ‘குடி அரசு’ இதழில் தொடர்ந்து வெளியாகி, சமூகம் ஓரளவு அவற்றை ஏற்றுக்கொண்ட பின்னும், நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளவில்லை. முப்பதுகளில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம், சொத்து வழக்கின் வாயிலாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1953-இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், அது சாஸ்திரப்படி நடந்த மணமும் அன்று, தொன்றுதொட்டு வந்த வழக்கத்தின்படி நடந்த மணமும் அன்று, நேற்று ஏற்பட்ட ஒன்றை வழக்கம் என்று சட்டம் கொள்ளாது, ஆகவே அது செல்லாது என்று முடிவு கூறினார்கள். தர்க்கம் சட்டத்தின்படி அமைந்ததாயிருக்கலாம்; அதன் விளைவோ கொடிது. நூற்றுக்கணக்கானோர் சாட்சியாக வாழ்த்தப்பட்டு, இருபது ஆண்டுகள் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள், சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்கள் ஆனார்கள். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் இதற்குப் பரிகாரம் தரவில்லை. மணமக்களில் ஒருவரது வழக்கத்தையோ சடங்கையோ ஒட்டித்தான் மணம் நடக்கவேண்டும் என்று அதன் ஏழாவது பிரிவு கூறியது.

அண்ணாதுரையின் தலைமையில் 1967 மார்ச்சில் பதவியேற்ற அமைச்சரவை, அவ்வாண்டு நவம்பரிலேயே இதற்குத் திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ் நாட்டுக்கு மட்டும் உரியதாக 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் எந்த மொழியிலேனும் கூறினாலும் சரி, ஒருவருக்கொருவர் மாலையிட்டாலும் அல்லது விரலில் மோதிரம் அணிவித்தாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, இவற்றுள் ஏதேனும் ஒன்றால் மணம் முற்றுப்பெறும் என்று அப்பிரிவு கூறுகிறது. மூன்றும் வேண்டும் என்பதில்லை. அதற்கு முன் இம்முறையில் நடந்த மணங்களும் செல்லும் என்று பின்னோக்கியும் அது பொருந்தும்படி செய்யப்பட்டது. சுக்கிலநத்தத்து மணத்துக்குச் சட்டத்தின் அங்கீகாரம் வர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

இப்பிரிவை வாசிக்கும்போது தலைவராக விரும்புபவர் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது, அதில் தலைவர் என்ற ஒருவர் இல்லவே இல்லை என்பதே. பிற வகை மணங்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். கிறிஸ்தவ விவாகத்தை 1872-ஆம் ஆண்டின் சட்டப்படி குருப்பட்டம் பெற்றவரோ அரசாங்க உரிமம் பெற்றவரோ நடத்திவைக்கவேண்டும். 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டப்படி மணப்பவர்கள் திருமண அலுவலரிடம் முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்து, மூன்று சாட்சிகளோடு அவர் முன் கையொப்பமிடவேண்டும். நிக்காஹில் சம்மதமும் சாட்சிகளுமே உயிர். அரசாங்கம் காஜிகளை நியமிக்க வகை செய்த 1880-ஆம் ஆண்டின் சட்டமே, காஜி இல்லாமல் நிக்காஹ் நடக்கக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை என்று சொல்லிவிடுகிறது. தமிழர் வாழும் சிங்கப்பூரில் மணத்தை நடத்திவைப்பவர் அரசாங்க உரிமம் பெற்றவராக இருக்கவேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், நண்பனின் மணத்தை நடத்திவைக்க விரும்புகிறவருக்கு ஆளுநர் ஒரே ஒரு நாளைக்கு மட்டும் அந்த அதிகாரத்தை அளிக்கும் வழக்கமும் உண்டு. பாலவனத்தத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் தம் பழைய மாணவனின் சுயமரியாதைத் திருமணத்துக்குத் தலைமை தாங்க யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, உரிமம் இல்லை, ஒரு நாள் அதிகாரம்கூட வேண்டியதில்லை.

அப்படியானால் ஒருவர் எப்படித் தலைவராகிறார்? மணவீட்டார் வந்து கேட்பதால் ஆகிறார். யாரைக் கேட்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கட்சிக் குடும்பமானால் கட்சிப் பிரமுகரைக் கேட்பார்கள். அது பெரும்பாலும் அவருக்குச் செய்யும் மரியாதை. வேறு சிலர் தமிழாசிரியரை, தலைமையாசிரியரை, மருத்துவரை, தொழிற்சங்கத் தலைவரைக் கேட்பார்கள். நாளைக்கு இந்தக் கணவன் மனைவிக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தால் இரு வீட்டாரும் எவர் வார்த்தைக்குக் கட்டுப்படுவார்களோ, அவரையே தலைவராகத் தேர்ந்துகொள்வது சிலாக்கியம் என்று நான் நினைக்கிறேன். பிரமுகர் வருவார், வாழ்த்துவார், அடுத்த கலியாணத்துக்குக் காரில் ஏறிப் போய்விடுவார். ஆசிரியரோ உள்ளூரிலேயே இருப்பார்.

அழைப்பை ஏற்ற நாளிலேயே வேலை தொடங்குகிறது. முதலாவது, வயதுச் சான்றைக் கண்ணால் பார்த்துவிடவேண்டும். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பெண்ணுக்குப் பதினெட்டும் ஆணுக்கு இருபத்தொன்றும் நிரம்பாத மணத்தை நடத்திவைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. குழந்தைத் திருமணம் அன்று என்று நம்பத் தக்க காரணம் இருந்ததை நிரூபித்தால்தான் தப்பலாம். ‘பெரியவர்கள் சொன்னார்கள், நான் மாலையை எடுத்துக் கொடுத்தேன்’ என்பது அத்தகைய காரணம் ஆகாது. இரண்டாவது, இருவரும் இந்து திருமணச் சட்டத்துக்கு உட்பட்டவர்களா என்பது. பௌத்தர், சமணர், சீக்கியரையும் சேர்த்தே அச்சட்டம் இந்து என்கிறது. சாதி வேற்றுமையை அது பொருட்படுத்தாது. ஆனால் ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால், மேடையில் எவ்வளவு அழகாக உறுதிமொழி எடுத்தாலும் 7-ஏ அவர்களுக்கு உதவாது. தனித் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளுமாறு முன்கூட்டியே சொல்லி அனுப்புவது தலைவரின் கடமை. கொள்கைப் பற்று மிகுந்த நல்லவர்களே இதில் தவறிவிடுகிறார்கள்.

மூன்றாவது, இருவரில் எவருக்கேனும் முன்மணம் இருக்கிறதா என்பது. இப்பக்கத்துத் திருச்சுழியைப் பாடிய சுந்தரமூர்த்தி நாயனாரின் கலியாணம், முதியவர் ஒருவர் ஓலையோடு பந்தலுக்குள் வந்து நின்றதால் தடைப்பட்டதைப் பெரியபுராணம் படித்தவர்கள் அறிவார்கள். நம் காலத்தில் ஓலையோடு வருபவர் பெரும்பாலும் முதல் மனைவி. முதல் மனைவி இருக்க இரண்டாவது மணம் செய்துகொண்ட ஒருவர், இரண்டாவது மணத்தில் தீயின் முன் ஏழடி நடக்கும் சடங்கு நடக்கவில்லை, ஆகவே அது மணமே அன்று, நான் குற்றவாளியும் அல்லேன் என்று வாதாடிப் பார்த்தார். தமிழ் நாட்டில் 7-ஏ இருப்பதால் ஏழடி நடக்காமலே மணம் முற்றுப்பெறும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய வாதத்தைத் தள்ளிவிட்டது. எளிய முறையில் செய்துகொண்ட மணம் எளிதில் கழற்றிவிடக்கூடியது என்று எண்ணியவர்களுக்கு அத்தீர்ப்பு ஒரு பாடமாக இருந்திருக்கும்.

நான்காவதாகச் செய்யவேண்டியதைச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்யாதவர் தலைமை தாங்குவதைவிட வீட்டில் இருப்பது மேல். மணமகளைத் தனியாக, தாயும் தந்தையும் அருகில் இல்லாதபோது, இந்த மணத்தில் மனப்பூர்வமான சம்மதம் உண்டா என்று கேட்கவேண்டும். தலைவர் ஆணாக இருந்தால் மனைவியையோ சகோதரியையோ உடன் அழைத்துக்கொண்டு போவது உசிதம். மேடையில் ஒலிபெருக்கியின் முன் கேட்கப்படும் சம்மதம், முன்பே தனிமையில் கேட்கப்பட்டிருந்தால்தான் அர்த்தமுள்ளது; ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மொய் எழுதும் மேசைக்கு முன் வரிசை நிற்க, பந்தியில் இலை போட்டாகிவிட, எந்தப் பெண் ‘சம்மதமில்லை’ என்று சொல்லுவாள்?

தாலி உண்டா இல்லையா, மாலை மாற்றுவதற்கு முன் உறுதிமொழியா பின்னா, பெரியவர்கள் காலில் விழுவதா வேண்டாமா, குறள் ஓதுவதா என்பனவற்றையும் அப்போதே பேசி முடிவு செய்துவிடவேண்டும். இயக்கத்தின் தொடக்க காலத்திலிருந்தே தாலியோடும் தாலி இல்லாமலும் இம்மணங்கள் நடந்திருக்கின்றன. ‘தாலி கட்டாம என்னய்யா கலியாணம்?’ என்று அப்பத்தா ஒருத்தி கண் கலங்கும்போது, தலைவர் தம் கொள்கையை நிலைநாட்ட அதுவே தருணம் என்று கருதுவது விவேகமாகாது. கட்டிக்கொள்பவளுக்கு இஷ்டமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, சட்டப்படி இரண்டுமே செல்லும் என்பதை அப்பத்தாவுக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னால் போதும். நாள் பார்ப்பதில் மட்டும் இம்முறைக்காரர்களுக்குப் பெரிய சௌகரியம் உண்டு. வேண்டுமென்றே ராகு காலத்தில் மணம் செய்பவர்களும், ஆடி மாதத்தில் செய்பவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்கள் ஒரு முகூர்த்தத்துக்கு நான்கு மண்டபத்தைத் தேடி அலையும்போது இவர்களுக்கு எந்த மண்டபமும் காலியாகவே கிடைக்கும்.

உறுதிமொழியை மணமக்களே எழுதிக்கொள்வது உத்தமம். முடியாவிட்டால் தலைவர் எழுதிக் கொடுக்கலாம். இருவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அவன் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்ல, அவள் ‘அடங்கி நடப்பேன்’ என்று சொல்லும்படி எழுதிவிட்டால், புரோகிதரை அனுப்பிவிட்டுப் பழைய சரக்கையே புதிய பாத்திரத்தில் வைத்ததாக முடியும். வாசகம் சிறியதாக இருக்கவேண்டும். ஒரே மூச்சில் சொல்லக்கூடிய துண்டுகளாக இருக்கவேண்டும். தலைவர் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்வது வழக்கம். அச்சமயத்தில் ஒலிபெருக்கி மணமகளின் வாயருகில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டியவர் தலைவரே. மாப்பிள்ளையின் குரல் தெருமுனை வரை கேட்க, பெண்ணின் குரல் தலைவர் காதுக்கே எட்டாமல் போகும் மணங்கள் பல. அவள் சொன்னது கேட்கவில்லையானால், மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்பதில் குறைவொன்றும் இல்லை. நாதஸ்வரக்காரருக்கும் முன்பே சொல்லிவைக்கவேண்டும்; உறுதிமொழியின் நடுவில் கெட்டிமேளம் புகுந்துவிட்டால், சட்டத்துக்கு வேண்டிய வார்த்தைகளே சபைக்குக் கேட்காமல் போகும்.

இதற்குத் தக்ஷிணை கிடையாது. ஒரு பொன்னாடை போர்த்துவார்கள். இயக்கக் குடும்பங்களில் இயக்கத்துக்கோ பத்திரிகைக்கோ நன்கொடை அளிப்பதுண்டு. போக்குவரத்துச் செலவைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். கூலி பேசுவது இம்முறையின் மரபன்று. தேவாரமும் திருவாசகமும் ஓதித் தமிழிலேயே சடங்கு நடத்திவைக்கும் பெரியவர்களுடைய வழி இதனின்றும் வேறானது. அதில் பயிற்சியும் உண்டு, வேள்வியும் உண்டு, தக்ஷிணையும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழப்பிக்கொள்பவர்கள் நகரங்களில் பெருகி வருகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம், சபை கூடி வாழ்த்தும் மணங்களைப் பற்றியது. சபையே பகையாக நிற்கும் மணங்களும் இந்நாட்டில் உண்டு. சாதி கடந்து விரும்பிய இருவருக்குப் பந்தல் போடவும் அழைப்பிதழ் அச்சிடவும் இயலாது. அச்சிட்டால் உயிருக்கே ஆபத்து. அத்தகையோர் வக்கீல்களின் அறையில் நான்கு நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். இரகசியமாக நடப்பது மணம் ஆகாது, வக்கீல் அறை அதற்குரிய இடமும் அன்று என்னும் கருத்துப்படச் சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பகிரங்கமாக அறிவித்துத்தான் மணக்கவேண்டும் என்று 7-ஏ சொல்லவில்லை, குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சும் மணமக்களைப் பகிரங்கத்துக்கு இழுப்பது அவர்கள் உயிருக்கே கேடாக முடியலாம், வக்கீல்கள் தம் தொழிலின் அதிகாரத்தால் அல்லாமல் நண்பராக, உறவினராக, சமூக ஊழியராக அதில் பங்கு கொள்ளலாம் என்று நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார் இருவரும் கூறினார்கள். தொல்காப்பியர் காலத்துச் சாட்சியத்துக்கும் இதற்கும் முரண் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஊர் முழுவதும் வந்து பார்த்தால்தான் சாட்சி என்பதில்லை. வந்த நால்வரும் பின்னால் ‘நான் பார்த்தேன்’ என்று அஞ்சாமல் சொல்லக்கூடியவர்களானால், அந்த நால்வரே சபை. வாழ்த்துரைக்குப் பெயர் போன பிரமுகர்கள் எவரும் அத்தகைய அறைக்கு வருவதில்லை என்பதையும் இவ்விடத்தில் குறிக்கவேண்டியிருக்கிறது.

பந்தி முடிந்ததும் தலைவரின் பொறுப்பு முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். தமிழ் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி, எந்த மதத்தாரின் திருமணமானாலும் தொண்ணூறு நாட்களுக்குள் பதிவு செய்யப்படவேண்டும். தவறினால் அதற்குமேல் அறுபது நாட்களுக்குள் கூடுதல் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யலாம். பதிவில்லாததால் மட்டும் மணம் செல்லாமல் போய்விடாது. ஆனால் குடும்ப ஓய்வூதியத்துக்கும் வாரிசுச் சான்றுக்கும் அலையும் அலைச்சல் பெரிது. அருப்புக்கோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மணமக்களை எந்த நாளில் அனுப்புவது என்பதை, மேடையை விட்டு இறங்குவதற்கு முன்பே இரு வீட்டாரிடமும் சொல்லித் தேதி குறித்துவிடுவது நல்லது. அங்கே சாட்சியாகக் கையொப்பமிடத் தாமே போவது அதனினும் நல்லது. மேலும், புரோகிதரும் அக்கினியும் இல்லாத மணத்தில் பின்னொரு காலத்தில் சொத்துத் தகராறோ ஓய்வூதியத் தகராறோ எழுந்தால், நீதிமன்றம் அழைத்து விசாரிக்கக்கூடிய முதல் ஆள் தலைவர்தான். இருபது ஆண்டு கழித்துக் கூண்டில் நின்று, எந்த ஊர், எந்த மண்டபம், எத்தனை மணி, முதலில் மாலையா உறுதிமொழியா, அருகில் நின்றவர் யார் என்று கேட்டால், ‘நான் எத்தனையோ கலியாணங்களுக்குப் போயிருக்கிறேன்’ என்னும் பதில் உதவாது. ஆகையால் ஒரு தனி நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மணத்துக்கும் தேதி, இடம், மணமக்களின் முழுப்பெயர், சொன்ன வாசகம், முன்னிலை வகித்தவர்கள் பெயர் ஆகியவற்றை அன்று இரவே எழுதி, அழைப்பிதழில் ஒன்றையும் அதில் ஒட்டி வைக்கவேண்டும்.